முதன்மை விசிறியின் மின்செலவு: விசிறியைத் தொடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஆழ்நிலம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஜார்க்கண்டில் ஒரு பழைய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் மின்பொறியாளராகப் பணியாற்றுகிறேன். தூண்களை விட்டுவிட்டுக் கரியை வெட்டியெடுக்கும் முறையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சுரங்கம் இது. ஒரு காலத்தில் ஐந்தாறு பேனல்களில் (கரி வெட்டும் தனித்தனிப் பகுதிகளில்) நடந்த வேலை இப்போது இரண்டில் மட்டுமே நடக்கிறது. ஆனாலும் தரைமேல் நிற்கும் முதன்மை விசிறி, அன்று ஓடிய அதே வேகத்தில், ஞாயிறும் பண்டிகையும் பாராமல் ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் மின்செலவைக் குறைக்க ஒரு திட்டம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

என் கணக்கு இதுதான். விசிறி விநாடிக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் காற்றை 1,000 பாஸ்கல் அழுத்தத்தில், அதாவது நீரின் உயரத்தால் அளக்கும் வாட்டர் காஜில் 100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இழுக்கிறது. அழுத்தத்தையும் காற்றின் அளவையும் பெருக்கினால் காற்றுக்குப் போய்ச் சேரும் திறன் 100 கிலோவாட். விசிறியின் பயனுறுதிறன் 65 விழுக்காடு, மோட்டாரும் பெல்ட்டும் சேர்ந்து 90 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், மின்கம்பியிலிருந்து இழுப்பது 171 கிலோவாட். ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட். ஒரு யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

விசிறியின் வேகத்தைக் குறைத்தால் காற்று அதே விகிதத்திலும், அழுத்தம் இருபடியிலும், திறன் முப்படியிலும் குறையும் என்று படித்திருக்கிறோம். எனவே 3.3 கிலோவோல்ட் மோட்டாருக்கு ஒரு அதிர்வெண் மாற்றி டிரைவ் பொருத்தி, வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால், மின்திறன் 51 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்; பாதிச் செலவு மிச்சம். இதையே திட்டமாக எழுதலாமா? விசிறிகளோடு பழகியவர்கள் என் கணக்கில் உள்ள ஓட்டையைக் காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருகுவிசை

நண்பரே, நான் டிரைவ் விற்கும் தொழிலில் இருப்பவன். ஆகையால் நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முப்படிக் கணக்கு சரி. ஆனால் டிரைவ் வாங்குவதற்கு உண்மையான காரணம், வேகம் அடிக்கடி மாற வேண்டும் என்பதுதான். ஷிப்டுக்கு ஷிப்டு, பருவத்துக்குப் பருவம் காற்றின் தேவை மாறுகிறது என்றால் டிரைவ் தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். வேகத்தை ஒருமுறை குறைத்துவிட்டு அடுத்த ஐந்தாண்டுக்கு அங்கேயே நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பெல்ட் ஓடும் புல்லியை மாற்றினாலே போதும். அதன் விலை டிரைவின் விலையில் ஒரு சிறு பங்குகூட இராது. மேலும், டிரைவ் தானே மூன்று, நான்கு விழுக்காடு மின்சாரத்தைச் சூடாக்கி வெளியே விடும். அதற்கென்று தூசி புகாத, குளிரூட்டிய அறையும் தேவைப்படும். மின்தேக்கிகளைப் போட்டுப் பவர் ஃபாக்டரைச் சரிசெய்வதையும் இந்தத் திட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மின்கட்டணத்தில் உதவும். விசிறி இழுக்கும் கிலோவாட்டை அது அனேகமாகத் தொடாது.

எவ்வளவு வேகத்தைக் குறைக்கலாம் என்பதை உங்கள் வென்டிலேஷன் அதிகாரிதான் சொல்ல வேண்டும். அது மின்பிரிவு முடிவுசெய்யும் விஷயம் அன்று.

வளிவழி

தம்பி, ராணிகஞ்சிலும் ஜரியாவிலும் காற்றோட்டப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு நீங்களே சொன்ன விடைதான் அவசரமான விடை. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை முதலில் காட்டுகிறேன்.

பேனலின் ரிட்டர்ன் காற்றில் (வேலையிடத்தைக் கடந்து வெளியேறும் காற்றில்) இன்று 0.6 விழுக்காடு மீத்தேன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரியிலிருந்து கசியும் வாயுவின் அளவு விசிறியின் வேகத்தைப் பார்த்துக் குறையாது. காற்றை 20 விழுக்காடு குறைத்தால் அதே வாயு ஐந்தில் நான்கு பங்கு காற்றில் கலக்கும்; 0.6 என்பது 0.75 ஆகிவிடும். ஒரு பகுதியின் ரிட்டர்னில் எரிவாயு 0.75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளின் வரம்பு. நீங்கள் மிச்சம் பிடிக்கும் பாதி மின்சாரம், சுரங்கத்தை அந்த வரம்பின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வானிலையில் காற்றழுத்தம் சற்றே இறங்கும் ஒரு நாளில், கரியை எடுத்தபின் கைவிட்ட பகுதியான கோஃபுக்குள் தேங்கியிருக்கும் வாயு வெளியே ஊறும். அன்று விளிம்பும் இராது.

ஒவ்வொரு பகுதியிலும் கடைசிக் காற்றுத்தொடர்பு (காற்று உள்ளே வரும் பாதையையும் வெளியேறும் பாதையையும் இணைக்கும், வெட்டுமுகத்துக்கு மிக அருகிலுள்ள திறப்பு) வழியாக, மிகப் பெரிய ஷிப்டில் வேலை செய்யும் ஆள் ஒருவருக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது நாளொன்றுக்கு எடுக்கும் கரியில் டன்னுக்கு நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், இவற்றில் எது அதிகமோ அது போயாக வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) வேலையிடத்தில் 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30.5ஐத் தாண்டினாலே காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். இந்த எண்கள் எல்லாம் கடைசிக் காற்றுத்தொடர்பையும் வெட்டுமுகத்தையும் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். விசிறியின் வாயில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்று சட்டம் கேட்கவில்லை. மனிதன் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஓடுகிறது என்றுதான் கேட்கிறது.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: விசிறி இழுக்கும் 100 கன மீட்டரில் எத்தனை கன மீட்டர் வெட்டுமுகத்தைத் தொட்டுவிட்டு வருகிறது? பழைய சுரங்கங்களில் இந்தக் கேள்விக்கான விடை நெஞ்சை வருத்தும். பாதியாவது போய்ச் சேர்ந்தால் நல்ல சுரங்கம் என்று சொல்லும் அளவுக்குத்தான் பல இடங்களில் நிலைமை இருக்கிறது. மீதிக் காற்று எங்கே போகிறது? ஷாஃப்டின் மேல்வாயில் உள்ள ஏர்லாக் கதவின் இடுக்கில் வெளிக்காற்றாகவே உள்ளே நுழைந்து, சுரங்கத்தைப் பார்க்காமலேயே விசிறிக்குள் போகிறது. இன்டேக்குக்கும் (காற்று உள்ளே வரும் பாதைக்கும்) ரிட்டர்னுக்கும் நடுவே தூணுக்குத் தூண் கட்டிய ஸ்டாப்பிங்குகளில் (தடுப்புச் சுவர்களில்) தரை உப்பி, செங்கல் விரிந்து, அந்த விரிசல்களில் குறுக்கே பாய்கிறது. ஒரு ஸ்டாப்பிங்கில் கசிவது சிறிதுதான். நூறு ஸ்டாப்பிங்குகள் இருந்தால்?

அடுத்தது பாதையின் எதிர்ப்பு. 1854இல் அட்கின்சன் எழுதிவைத்த சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அழுத்த இழப்பு, பாதையின் எதிர்ப்பையும் காற்றளவின் இருபடியையும் பெருக்கியதற்குச் சமம். எதிர்ப்போ நீளத்துக்கும் சுற்றளவுக்கும் நேர் விகிதத்திலும், குறுக்குப் பரப்பின் முப்படிக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறுகிறது. கூரை சரிந்து விழுந்த கல்லை அள்ளாமல் விட்டதால் ஒரு ரிட்டர்னின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதன் எதிர்ப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். பழைய டப்புகளும் (கரி வண்டிகளும்) மரக்கட்டைகளும் உடைந்த பைப்பும் கிடக்கும் ரிட்டர்னில் ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் மின்கட்டணம் எங்கே செலவாகிறது என்று காலுக்குத் தெரியும்.

எனவே டிரைவுக்கு விலைப்புள்ளி கேட்பதை நிறுத்திவையுங்கள். குழாயும் அழுத்தமானியும் எடுத்துக்கொண்டு, இன்டேக் வாயிலிலிருந்து, விசிறிக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஃபேன் டிரிஃப்ட் வரை அழுத்தச் சர்வே செய்யுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பாஸ்கல் இழக்கிறோம், எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்று எழுதுங்கள். இரண்டையும் பெருக்கினால் அந்தத் துண்டு எத்தனை வாட்டைத் தின்கிறது என்பது கிடைத்துவிடும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் எழுதும் எந்தத் திட்டமும் ஊகம்தான்.

ஆழ்நிலம்

ஐயா, மிக்க நன்றி. 0.6 என்பது 0.75 ஆகும் கணக்கை நான் நினைத்தே பார்க்கவில்லை. வென்டிலேஷன் அதிகாரியிடம் இன்று பேசினேன். அழுத்தச் சர்வே கடைசியாக எப்போது முழுமையாக நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். சேர்ந்து செய்யலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஓர் ஐயம். கசிவைக் குறைத்து, விசிறி இழுக்கும் அளவை 100இலிருந்து 85க்குக் கொண்டுவந்தால், முப்படி விதிப்படி திறன் 61 விழுக்காடாகக் குறையும் அல்லவா? வெட்டுமுகத்தில் காற்று குறையாமலேயே 39 விழுக்காடு மிச்சம் என்று எழுதிவிடலாமா?

சாம்பியன் ரீஃப் பேத்தி

அப்படி எழுதிவிடாதீர்கள். கோவையில் தொழிற்சாலை விசிறிகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தத் தவறு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

கசிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மிச்சம் அமையும். ஏர்லாக்கில் கசியும் 15 கன மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது விசிறிக்குப் பக்கத்திலேயே நுழைந்து விசிறிக்குள் போய்விடுகிறது. சுரங்கப் பாதை எதிலும் அது ஓடவில்லை. அதை முழுதாக அடைத்துவிட்டாலும் சுரங்கத்துக்குள் ஓடும் 85 கன மீட்டருக்கு முன்பு தேவைப்பட்ட அதே 1,000 பாஸ்கல்தான் இனியும் தேவை. அழுத்தம் மாறவில்லை, அளவு மட்டும் 15 விழுக்காடு குறைந்தது. எனவே திறனும் 15 விழுக்காடுதான் குறையும். முப்படி அங்கே பேசாது. அதே 15 கன மீட்டர் வெட்டுமுகத்துக்கு அருகில் உள்ள ஸ்டாப்பிங்குகளில் கசிந்திருந்தால் கதை வேறு. அந்தக் காற்று இன்டேக்கின் முழு நீளத்தையும் ரிட்டர்னின் முழு நீளத்தையும் கடந்து வந்திருக்கும். அதை நிறுத்தினால் பெரும்பாதைகள் எல்லாவற்றிலும் ஓட்டம் குறைந்து, அழுத்த இழப்பும் இருபடியில் குறையும். மிச்சம் முப்படியை நெருங்கும். ஆகவே ஸ்டாப்பிங்குகளைப் பூசத் தொடங்கும்போது, உள்ளே ஆழத்தில் இருப்பவற்றின் ஒவ்வொரு கன மீட்டரும் வெளியில் இருப்பவற்றைவிட மதிப்பு கூடியது.

இன்னொரு எச்சரிக்கை. கசிவுகளை அடைத்துவிட்டு விசிறியின் வேகத்தை அப்படியே விட்டுவிட்டால், விசிறியின் கண்ணுக்குச் சுரங்கம் முன்பைவிட இறுகியதாகத் தெரியும். அழுத்தம் ஏறும். அச்சுவழி விசிறி என்றால் அது ஸ்டால் பகுதிக்குள் போய்விடக் கூடும். அப்போது காற்றோட்டம் துள்ளும், இலைகள் நடுங்கும், சத்தமே மாறிவிடும். அடைப்பதும், இலைக்கோணத்தையோ வேகத்தையோ இறக்குவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

விசிறியின் வெளிவாயையும் பாருங்கள். காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அதன் இயக்க அழுத்தம் மட்டும் 240 பாஸ்கல். அவ்வளவும் வானத்துக்குக் கொடுக்கும் தானம். இவாசே என்று சொல்லும் விரியும் வாய்க்கூம்பு ஒழுங்காக இருந்து வேகத்தைப் பாதியாக்கினால், தானம் 60 பாஸ்கலாகச் சுருங்கும். இடைப்பட்ட 180 பாஸ்கலில் கூம்பு தன் இழப்புக்கு எடுத்துக்கொண்டது போக மீதி விசிறிக்குத் திரும்பி வரும். 100 கன மீட்டருக்கு 180 பாஸ்கல் என்பது 18 கிலோவாட். பழைய விசிறிகளில் இந்தக் கூம்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்து நிற்பதையும், சில இடங்களில் கூம்பே இல்லாததையும் பார்த்திருக்கிறேன். விசிறியின் இலைமுனைக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி தேய்ந்து கூடியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

என் புனைபெயருக்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து போன எத்தனையோ குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அந்த வயலுக்கு மின்சாரம் வந்ததை ஆசியாவின் பெருமையாக எழுதுகிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன அந்தச் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிர்வித்து இறக்காமல் அங்கே ஆள் நிற்க முடியாது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்படும்வரை அந்தக் காற்றுக்காக மின்சாரம் ஓடியது. எந்த மட்டத்தில் காற்று வரும், எந்த மூலையில் வராது என்பதைத் தாத்தா கடைசிவரை மறக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பேச்சு வரும்போதெல்லாம், காற்று வராத அந்த மூலையில் நிற்பவர் யார் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது.

சட்பரித் தமிழன்

வணக்கம். கனடாவின் சட்பரி வட்டாரத்தில் நிக்கல் சுரங்கம் ஒன்றில் காற்றோட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் நிலைமை உங்களுடையதிலிருந்து வேறுபட்டது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இங்கே காற்றின் தேவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டீசல் வண்டிகள். ஒன்டாரியோ விதிப்படி எஞ்சினின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் விநாடிக்கு 0.06 கன மீட்டர் காற்று தர வேண்டும். 250 கிலோவாட் லோடர் ஒன்றுக்கு 15 கன மீட்டர். அந்த லோடர் ஒரு மட்டத்தை விட்டு அடுத்த மட்டத்துக்குப் போனபின், பழைய மட்டத்தில் யாரும் இல்லாதபோதும் துணை விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதான் எங்கள் பழைய வழக்கம். தேவைக்கேற்ற காற்றோட்டம் என்ற முறை இதைத்தான் மாற்றியது. வண்டிகளிலும் தொப்பி விளக்குகளிலும் அடையாளச் சில்லுகள் இருக்கும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு அளவுகளையும் பார்த்து, விசிறிகளும் கதவுகளும் தாமாகக் கூடும், குறையும். ஒரு நிலத்தடி உலோகச் சுரங்கம் செலவிடும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காற்றோட்டத்துக்கே போவது வழக்கம் என்பதால், இந்த முறையில் வரும் மிச்சம் பெரியது. எங்களுக்கு இரட்டை மிச்சமும் உண்டு. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றை அப்படியே இறக்கினால் ஷாஃப்டில் பனிக்கட்டி பிடிக்கும். எனவே எரிவாயு எரித்துச் சூடாக்கி இறக்குகிறோம். காற்றின் அளவைக் குறைத்தால் அந்த எரிவாயுவும் குறைகிறது. கிரைட்டன் சுரங்கத்தில் உடைந்த பாறைக் குவியலின் ஊடாகவே காற்றை இழுத்து, குளிர்காலத்தில் பாறையின் வெப்பத்தையும் கோடையில் அதன் குளிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2019இல் உற்பத்தி தொடங்கிய போர்டன் தங்கச் சுரங்கம், டீசலை விட்டு மின்கல வண்டிகளையே நம்பித் திட்டமிடப்பட்டதற்குக் காற்றோட்டச் செலவும் ஒரு முதன்மையான காரணம்.

அண்ணா, உங்கள் சுரங்கத்துக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிலத்துக்குள்ளே வைத்திருக்கும் துணை விசிறிகளைக் கணக்கில் சேர்த்தீர்களா? 30 கிலோவாட் துணை விசிறி, தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் கடைசியில் வெப்பமாகவே சுரங்கத்துக்குள் விடுகிறது. அதாவது வெட்டுமுகத்தில் 30 கிலோவாட் அடுப்பு ஒன்றை எரிப்பதற்கு அது சமம். தரைமேல் உறிஞ்சி வெளியேற்றும் முதன்மை விசிறியின் வெப்பம் வானத்தோடு போய்விடும். உள்ளே வீணாகும் மின்சாரம் உழைப்பவரின் வியர்வையாகத் திரும்புகிறது. கிழிந்த டக்ட் துணியைத் தைத்துப் போடுவதும், டக்டின் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவதும் பெரும் பயன் தரும். குழாயின் எதிர்ப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்குத் தலைகீழாக மாறுவதால், விட்டத்தை 10 விழுக்காடு கூட்டினாலே எதிர்ப்பு 38 விழுக்காடு குறையும்.

வளிவழி

துணை விசிறிகளையும் டக்டையும் பற்றிச் சட்பரி நண்பர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆளில்லாத இடத்தில் விசிறியை நிறுத்தும் முறையை மட்டும் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொண்டுவர நான் ஒப்பமாட்டேன். டீசல் புகை, வண்டி நின்றதும் நின்றுவிடும். மீத்தேன் அப்படி நிற்பதில்லை. ஆள் இல்லாத ஷிப்டிலும் கரி வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய துணை விசிறியின் முன்னால் அது கூரையோரமாய்த் தேங்கி, மறுநாள் காலையில் முதலில் நுழைபவருக்காகக் காத்திருக்கும். 1965இல் தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் மாண்டதை மறந்துவிட்டு நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால் நிலக்கரிக்காரர்களுக்கே உரிய ஒரு நன்மையும் இதில் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டுக் கரி அடுக்குகளில் பல, தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையவை. இன்டேக் பக்கத்துக்கும் ரிட்டர்ன் பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு மிகுந்தால், அந்த வேறுபாடே மூடிவைத்த கோஃபுக்குள் காற்றைக் கசியவைக்கும். அந்தக் கசிவு, கரியைக் குளிர்விக்கப் போதாது, சூடேற்றப் போதும். பாதையின் எதிர்ப்பைக் குறைத்து, அதே காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் மின்சாரமும் மிச்சம், கோஃபுக்குள் போகும் காற்றும் குறைவு. இதனால்தான் ‘எதிர்ப்பைக் குறை, அப்புறம் வேகத்தைக் குறை’ என்ற வரிசையை நான் வலியுறுத்துகிறேன்.

ரெகுலேட்டர்களையும் ஒருமுறை பாருங்கள் தம்பி. ஐந்து பேனல்கள் இருந்த காலத்தில் காற்றைப் பங்கிட வைத்த ரெகுலேட்டர் ஒன்று, இன்றும் பாதி மூடியபடியே எங்கேயாவது நிற்கக் கூடும். ரெகுலேட்டர் என்பது நாமே வேண்டுமென்று வைக்கும் எதிர்ப்பு. தேவை போனபின்னும் அது நின்றால், பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டி ஓட்டுகிறோம் என்று பொருள்.

ஆழ்நிலம்

ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். அழுத்தச் சர்வேயை முடித்துவிட்டோம். நானும் வென்டிலேஷன் அதிகாரியும் ஓவர்மேன் ஒருவரும் ஓய்வு நாட்களில் நடந்து நடந்து எடுத்த அளவுகள் இவை.

இழைத் தொடக்கத்தில் நான் எழுதிய 100 கன மீட்டரும் 1,000 பாஸ்கலும் ஏறத்தாழ சரியாகவே வந்தன. ஆனால் அந்த 1,000 பாஸ்கலில் 340 பாஸ்கல், பழைய ரிட்டர்னில் 250 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு துண்டில் செலவாகிறது. கூரை சரிந்த கல் இடுப்பளவு கிடக்கிறது. அதற்கு இணையாக, கிட்டத்தட்ட அதே அளவில், இன்னொரு பாதை இருபுறமும் ஸ்டாப்பிங் கட்டி மூடப்பட்டிருக்கிறது. ஏர்லாக்கில் 14 கன மீட்டர் கசிகிறது. கதவின் ரப்பர் ஓரம் முழுதும் போய்விட்டது. வளிவழி ஐயா சொன்னபடியே பாதி மூடிய ரெகுலேட்டர் ஒன்றும் இருந்தது. அது நிற்கும் பாதையில் இப்போது ஓட்டமே குறைவு என்பதால் இழப்பு சிறிதுதான்.

மூடிய இணைப்பாதையைத் திறந்தால் காற்று இரண்டாகப் பிரிந்து, அந்தத் துண்டின் எதிர்ப்பு கால் பங்காகும்; 340 என்பது 85 ஆகும். ஆகவே மொத்தம் 745 பாஸ்கல். ஏர்லாக் கசிவை 14இலிருந்து 6க்குக் கொண்டுவந்தால் விசிறி இழுக்க வேண்டியது 92. பெருக்கினால் 68.5 கிலோவாட். வெட்டுமுகத்துக்குப் போகும் காற்றில் ஒரு லிட்டர்கூடக் குறைக்காமல் காற்றுத்திறனில் 31 விழுக்காடு குறைகிறது. இந்தக் கணக்கிலாவது தவறில்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். புல்லியை எவ்வளவு மாற்றுவது என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்.

சாம்பியன் ரீஃப் பேத்தி

கணக்கு சரி. சர்வே செய்த மூவருக்கும் என் வணக்கம்.

புல்லியை விசிறி விதிகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அவை பாதையின் எதிர்ப்பு மாறாதபோது மட்டுமே நேராகப் பொருந்தும். உங்கள் எதிர்ப்பு இறங்கியிருக்கிறது. வேகத்தை 12 விழுக்காடு குறைத்தால் பழைய இயங்குபுள்ளி 88 கன மீட்டர், 774 பாஸ்கல் என்ற இடத்துக்கு வரும். நீங்கள் தேடுவது 92 கன மீட்டர், 745 பாஸ்கல். விசிறி வளைவில் அது சற்றே வலப்பக்கம், சற்றே கீழே. ஆகையால் 12 விழுக்காடு நல்ல முதல் மதிப்பீடு. உற்பத்தியாளர் தந்த வளைவை எடுத்து, அந்த இடத்தில் சாய்வு எப்படியிருக்கிறது, பயனுறுதிறன் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பயனுறுதிறன் 65இலிருந்து 60க்கு இறங்கினால் 31 விழுக்காட்டு மிச்சம் ஏறத்தாழ 26 விழுக்காடாகச் சுருங்கும். மோட்டாரின் ஆம்பியரைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்காமல், கிலோவாட் மீட்டரை வைத்து முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

திருகுவிசை

டிரைவ் இப்போதைக்கு வேண்டாம் என்ற முடிவுக்கே நானும் வருகிறேன். இரண்டு பேனல்களில் ஒன்று முடிந்து தேவை மறுபடி மாறும்போது பேசலாம். பழைய புல்லியைத் தூக்கி எறியாமல் விசிறி அறையிலேயே வைத்திருங்கள். ஒரே நாளில் பழைய வேகத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

வளிவழி

தம்பி, எண்களைப் பார்த்து மனம் நிறைந்தது. இனி வேலையின் வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஏர்லாக். அது தரைமேல் வேலை, யாருக்கும் ஆபத்தில்லை. அடுத்தது மூடிய பாதை. அதன் ஸ்டாப்பிங்குக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளாக நின்ற காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், கரியமில வாயு கூடியிருக்கும், மீத்தேனும் இருக்கலாம். துளைவழியே மாதிரி எடுத்துப் பார்க்காமல் ஒரு செங்கலைக்கூட அசைக்காதீர்கள். உள்ளே கூரையைப் போல்ட் அடித்துத் தாங்கும்வரை அது காற்றுப்பாதை அன்று, பொறி. அதற்கு ஆகும் செலவையும் நாட்களையும் உங்கள் திட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அந்த வேலைக்குப் போகும் ஆட்களின் பாதுகாப்பை மின்கட்டணத்தோடு தராசில் வைக்க முடியாது.

பாதையைத் திறந்ததும் சுரங்கம் முழுவதிலும் அழுத்தங்கள் இடம் மாறும். பழைய கோஃப் ஸ்டாப்பிங்குகளில், முன்பு வெளிநோக்கிக் கசிந்தவை உள்நோக்கிக் கசியத் தொடங்கலாம். ஆகவே திறப்பதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கின் அழுத்த வேறுபாட்டையும் எழுதுங்கள். கார்பன் மோனாக்சைடையும் கிரஹாம் விகிதத்தையும் (கரி சூடேறுவதைக் காட்டும் வாயு விகிதம்) தொடர்ந்து பாருங்கள். அவை அசையாமல் நின்றபின், மேலாளரின் எழுத்து ஒப்புதலோடு, ஆட்கள் உள்ளே இல்லாத நாளில் புல்லியை மாற்றுங்கள். மாற்றியபின் காற்றைத் தலைகீழாகத் திருப்பும் ஏற்பாடு பழையபடி வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் விசிறி நிற்கும் ஷாஃப்ட் ஈரமானதா? ஈரமான வெளியேற்று ஷாஃப்டில் காற்று விநாடிக்கு 7 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஏறினால், நீர்த்துளிகள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தொங்கி நிற்கும். அந்த நீர்ப்போர்வை தானே ஓர் எதிர்ப்பாகிவிடும். விசிறியின் அழுத்தம் காரணமில்லாமல் ஏறி இறங்கும். காற்றைக் குறைக்கும்போது 13இலிருந்து 12க்குள் இறங்கி அந்த வலையில் மாட்டிய சுரங்கமும் உண்டு. ஷாஃப்டின் விட்டத்தை எழுதுங்கள், பார்க்கலாம்.

ஆழ்நிலம்

ஐயா, ஷாஃப்டின் விட்டம் 5 மீட்டர், ஈரமானதுதான். பரப்பு 19.6 சதுர மீட்டர். ஏர்லாக்கில் கசிவது ஷாஃப்டில் ஏறுவதில்லை என்பதால் அதில் ஓடுவது 86 கன மீட்டர்; வேகம் இன்றும், கசிவைக் குறைத்தபின்னும், விநாடிக்கு 4.4 மீட்டர்தான். நீங்கள் சொன்ன வரம்புக்குக் கீழேதான் நிற்கிறோம். ஏர்லாக் கதவுக்கு ரப்பர் நாளை வருகிறது.